பற்றாத பாபிக்கியூவும் ஒரு தீக்குச்சியும்

வணக்கம் நேயர்களே. விக்ரோறியா நாள் நீண்ட வாரவிடுமுறை வருகிறது. குளிருக்கு மூடிவைத்த காஸ் பாபிக்கியூ அடுப்பின் உறையை இந்தக் கிழமை ரொறொன்ரோ முழுக்கக் கழற்றப் போகிறார்கள். கோழி முதல்நாள் இரவே தூள் பிரட்டி ஊறிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் வந்து டெக்கில் நிற்பார்கள். பிடியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும் வரும், நெருப்பு வராது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதற்கும் முதல், மூடி. பற்றவைக்கும்போது பாபிக்கியூவின் மூடி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நாங்கள் வாங்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. அது மேலே பறந்து போகாது, அடிப்பெட்டிக்குள் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். மூடியைச் சாத்திவிட்டுப் பத்துத் தரம் பொத்தானை அழுத்தி, பதினோராவது தரம் பொறி விழுந்தால் தேங்கிய அவ்வளவும் ஒரேயடியாகப் பற்றும். அதனால் ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் பிடியை மூடுங்கள். மூடியைத் திறந்தபடி ஐந்து நிமிடம் விடுங்கள். பசியோடு நிற்பவர்களுக்கு ஐந்து நிமிடம் நீளம்தான், தெரியும். ஆனாலும் விடுங்கள்.

இப்போது ஒரு நீளத் தீக்குச்சி, அல்லது நீளக் கழுத்து லைற்றர். மூடி திறந்திருக்கிறது அல்லவா? நெருப்பை முதலில் பர்னருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதற்குப் பிறகுதான் அந்த ஒரு பர்னரின் பிடியைத் திறக்க வேண்டும். நெருப்பு முதல், காஸ் பிறகு. பல பாபிக்கியூக்களில் இதற்கென்றே பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும். இந்த ஒரு குச்சி உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும். குச்சிக்குப் பற்றினால் காஸ் வருகிறது, பொறிதான் இல்லை. குச்சிக்கும் பற்றாவிட்டால் காஸ் வரவில்லை. இதைச் செய்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

பொறி இல்லாத பிரச்சினை சின்னது. பொத்தானைச் சுழற்றிக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் ஒரு பற்றரி இருக்கும், ஏஏ அல்லது ஏஏஏ. அதை மாற்றுங்கள். முனைகளில் பச்சை, வெள்ளைத் தூள் படிந்திருந்தால் உப்புத்தாளால் உரசுங்கள். பிறகு, பர்னருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானுக்குள் ஒரு கம்பி நிற்கும். பொறி விழும் இடம் அதுதான். பீங்கான் வெடித்திருந்தால் பொறி அந்த வெடிப்பு வழியாகப் பக்கத்து இரும்புக்குப் பாய்ந்துவிடும். கம்பி நுனிக்கும் பர்னருக்கும் இடையில் மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் வரை இடைவெளி இருக்க வேண்டும். காஸ் சிலிண்டரை, அதாவது ராங்கை, மூடிவைத்து, பின்னேரம் மங்கிய வெளிச்சத்தில் பொத்தானை அழுத்தினால் பொறி எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே காணலாம். புதுப் பாகம் வந்து சேரும்வரை தீக்குச்சியால் பற்றவைக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, காஸ் வராத பிரச்சினை. ராங் வெறுமையா? ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ராங்கின் கழுத்துப் பட்டியில் ரி-டபிள்யூ என்ற எழுத்துகளோடு ஓர் எண் அடித்திருக்கும். அதுதான் வெறும் ராங்கின் நிறை. குளியலறைத் தராசில் வைத்து அந்த எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது காஸ். இருபது இறாத்தல் ராங்கில் முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ ஒன்பது கிலோ இருக்கும். தராசு இல்லாவிட்டால் ஒரு கோப்பை சுடுதண்ணீரை ராங்கின் பக்கத்தால் ஊற்றிக் கையால் தடவுங்கள். எங்கே குளிர்கிறதோ அதுவரை காஸ் இருக்கிறது.

ராங்கில் காஸ் இருந்தும் வரவில்லையென்றால் குழாயை ராங்கோடு பொருத்தும் பிளாஸ்ரிக் நட்டைப் பாருங்கள். அதைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். ஆனால் முழுக்க இறுக்க வேண்டும். கடைசிச் சுற்று உள்ளே போகாவிட்டால் ராங்கின் வாய்க்குள் இருக்கும் அடைப்பான் திறக்காது. இந்த அமைப்பே அப்படித்தான்.

அதோடு, காஸ் வருகிறது ஆனால் சுவாலை விரல்நகம் அளவுதான், ஒரு மணித்தியாலம் எரிந்தாலும் சூடு 120, 150 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை என்ற கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உடனே கடைக்குப் போய், காஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரைப் புதிதாக வாங்கிவிடுகிறோம். தயவுசெய்து பொறுங்கள். ரெகுலேற்றர் பழுதாகவில்லை, அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நட்டின் முனைக்குள் ஒரு காவல் பொறிமுறை இருக்கிறது. குழாய் அறுந்து காஸ் பீறிட்டால் உடனே தடுப்பதற்காக வைத்தது. பர்னர் பிடி திறந்திருக்கும்போது ராங்கைத் திறந்தாலும், ராங்கைச் சடாரென்று திறந்தாலும் குழாய் அறுந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். பூட்டிக்கொண்டு ஒரு சொட்டுக் காஸ் மட்டும் விடும்.

அதை விடுவிப்பது சுலபம். எல்லாப் பர்னர் பிடிகளையும் மூடுங்கள். ராங்கை மூடுங்கள். நட்டைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். திரும்பப் பூட்டி, ராங்கை மெதுவாக, மெதுவாகத் திறங்கள். கொஞ்சம் திறந்து, பத்து வரை எண்ணி, பிறகு முழுக்க. அதற்குப் பிறகுதான் ஒரு பர்னர். ஒழுங்கைத் திரும்பவும் சொல்கிறேன்: மூடி திற, ராங்கை மெதுவாகத் திற, பிறகு பர்னர். இதைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினாலும் தகும். இப்படிச் செய்தும் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்கிறதா? அப்போது உண்மையிலேயே எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு ராங்கை மூடிவிடுங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரியும் விஷயம், சிலந்தி. 2011ஆம் ஆண்டில் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற மஸ்டா 6 கார்களில் ஏறத்தாழ 65,000 கார்களைத் திருப்பி அழைத்தது. மஞ்சள் நிறச் சிறு சிலந்தியொன்று பெற்றோல் ஆவி போகும் குழாய்க்குள் புகுந்து வலை கட்டியிருந்தது. குழாய் அடைபட்டால் பெற்றோல் தாங்கிக்குள் அழுத்தம் மாறி, தாங்கியே வெடிப்பு விடக்கூடும். சிலந்தி நுழையாதபடி ஒரு கம்பிச் சுருளைப் பூட்டினார்கள். 2014இல் அதே சிலந்தியால் இன்னும் 42,000 கார்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. பொறியியலாளர் ஒரு கூட்டமே தடுத்துப் பார்த்து, சிலந்தி அதையும் கடந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பின்வளவு பாபிக்கியூவுக்கு வருவோம். பிடிக்குப் பின்னால் ஜெற் என்று ஒரு சின்னத் துளை. அதிலிருந்து பீறிடும் காஸ் பர்னர் குழலின் வாய்க்குள் போகும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் கலந்தால்தான் நீலச் சுவாலை. அந்தக் குழல் இருட்டானது, ஒடுக்கமானது, மழை படாதது. மாதக்கணக்காக ஒருவரும் தொடாத அந்த இடத்தைச் சிலந்தி விடுமா? வலை லேசாக இருந்தால் சுவாலை மஞ்சளாகச் சோம்பி எரியும். மற்றப் பர்னர்கள் எரிய, ஒன்று மட்டும் பற்றாது. முழுக்க அடைத்தால் காஸ் பின்னோக்கி வழிந்து, பிடிகளுக்குப் பின்னால், உங்கள் கை இருக்கும் இடத்தில் பற்றும். இது ஆபத்தானது. பிடிப் பலகைக்குக் கீழே நெருப்போ காஸ் மணமோ கண்டால் ராங்கை உடனே மூடுங்கள். கிட்டப்போக முடியாவிட்டால் விலகி நின்று 911.

குழல் வாயில் வலைக்கம்பி மறைப்புப் போட்டு வருகிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். சின்னக் குஞ்சுச் சிலந்தி அதற்குள்ளாலும் போகும். ஆகவே வருடத்தில் ஒரு தரமாவது, சமைத்து ஆறிய பிறகு, ராங்கைக் கழற்றிவிட்டுப் பர்னர்களை வெளியே எடுங்கள். பெரும்பாலும் ஒரு திருகாணியும் ஒரு கொளுக்கியும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். போத்தல் கழுவும் மெல்லிய தூரிகையைக் குழலுக்குள் முழு நீளத்துக்கும் விட்டு இழுங்கள். மேலேயுள்ள ஓட்டைகளை நீளவாக்கில் தேய்க்காமல் குறுக்காகத் தேய்த்தால் அழுக்கு ஓட்டைக்குள் இறங்காது. ஜெற்றைப் பல்லுக்குத்தும் ஈர்க்கால் மட்டும் தொடுங்கள். ஊசி விட்டால் துளை பெருக்கும், காஸ் அளவு மீறும். திரும்பப் பூட்டும்போது ஜெற்றின் முனை குழலின் வாய்க்குள் நிற்க வேண்டும். வெளியே நின்றால் வேலை எல்லாம் வீண், ஆபத்தும்கூட.

அறிவிப்பாளர் மணியைக் காட்டுகிறார், மிச்சத்தை ஓடிச் சொல்கிறேன். கசிவுக்கு: பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சமபங்கு கலந்து நட்டிலும் குழாயிலும் பூசி, பர்னர்களை மூடியபடி ராங்கைத் திறங்கள். குமிழ் பெருத்தால் கசிவு. ராங்கின் வாய்க்குள் றப்பர் வளையம் வெடித்திருந்தாலும் இதே அடையாளம்தான். ராங் மாற்றும் ஒவ்வொரு தரமும் இதைச் செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து இயற்கை எரிவாயு எடுப்பவர்கள் அந்தக் குழாயைத் தொடாமல் உரிமம் உள்ள தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள். ராங்கைக் கராஜுக்குள்ளோ நிலக்கீழறைக்குள்ளோ வைக்கவே வேண்டாம். கழுத்துப் பட்டியில் அடித்த திகதியையும் பாருங்கள். கனடாவில் பத்து வருடம் கடந்த ராங்கைத் திரும்பப் பரிசோதிக்காமல் நிரப்ப மாட்டார்கள். சனிக்கிழமை காலை வரிசையில் நின்று இதை அறிய வேண்டாம், இன்றைக்கே பாருங்கள். நன்றி, வணக்கம்.