சேவ் கொடுத்த பிறகு

நீலகிரி நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் நம் மலையில் கரண்ட் போவது புதிதல்ல. கோத்தகிரிப் பக்கம் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் போதும், ஊரே இருட்டு. கரண்ட் எப்படியும் வந்துவிடும். கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு வருமா? வராவிட்டால் யார் பொறுப்பு?

ஓர் ஐப்பசியில், பச்சைத் தேயிலை எடை போடும் ஓர் இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே கணக்கு எழுதும் பெண் அன்றைய எடைகளையெல்லாம் பதிந்து சேவ் கொடுத்திருக்கிறார். உடனே கரண்ட் போயிருக்கிறது. திரும்ப வந்ததும் ஃபைலைத் திறந்தால், அன்றைய கணக்கு மட்டுமல்ல, அந்த மாதக் கணக்கே இல்லை. "நீ சேவ் பண்ணியிருக்க மாட்டம்மா" என்கிறார் மேலாளர். "பண்ணினேன் சார்" என்று அந்தப் பெண் கண் கலங்க நிற்கிறார்.

ஃபைலின் விவரத்தைப் பார்த்தேன். கடைசியாக மாற்றிய நேரம், கரண்ட் போவதற்குச் சற்று முன்னால். அளவு, 0 பைட். பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பெண் சொன்னது உண்மை. மேலாளரைத் திரைக்கு அருகே கூப்பிட்டு அந்த நேரத்தைப் படிக்கச் சொன்னேன். பிறகு விவசாயிகளிடம் இருந்த எடைச் சீட்டுகளை வாங்கித்தான் கணக்கை மறுபடி எழுதினார்கள். சீட்டைத் தொலைத்தவர்களுக்கு வாய்ச்சொல்தான் மிச்சம்.

நடந்தது இதுதான். சேவ் கொடுத்ததும் எழுத்து டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. வேகத்துக்காக மெமரியில் சற்று நேரம் நிற்கும். இலை லாரியில் ஏறிவிட்டது, ஃபேக்டரிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சில மென்பொருள்கள் பழைய ஃபைலை முதலில் காலி செய்துவிட்டுப் புதியதை எழுதுகின்றன. இடையில் கரண்ட் போனால் பழையதும் போச்சு, புதியதும் போச்சு.

2009இல், கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில் ஒன்றான லினக்ஸ் உலகில் இதற்காகவே பெரிய வாக்குவாதம் நடந்தது. டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் ஏற்பாட்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். எக்ஸ்ட்3 என்ற பழைய ஃபைல் சிஸ்டம் சுமார் 5 நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதிவிடும். புதிதாக வந்த எக்ஸ்ட்4 அரை நிமிடத்துக்கு மேலும் தள்ளிப்போடும். பலருடைய ஃபைல்கள் 0 பைட் ஆயின. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடர் சோ, 'எஃப்சிங்க்' என்ற கட்டளையால் டிஸ்க்கில் எழுதச் சொல்வது மென்பொருள் எழுதுபவர் கடமை என்றார். அது வேகத்தைக் கெடுக்கும் என்றார்கள் மறுதரப்பினர். சோ தம் வாதத்தை விடவில்லை. ஆனாலும் காப்பாற்றும் திருத்தங்களை அவரே எழுதினார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பில் அவை வந்தன.

என் கட்சி இதுதான். புதியதைத் தனி ஃபைலாக எழுதி, டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதி செய்து, அதன் பிறகே பழைய பெயரை அதற்குக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் எப்போது கரண்ட் போனாலும் பழையதாவது மிஞ்சும். இந்த வழி மென்பொருள் எழுதுபவருக்குத்தான் தெரியும், எனவே பொறுப்பும் அவருடையதே. டைப் அடிக்கும் பெண்ணுடையது அல்ல. மறுபடியும் சொல்கிறேன், டைப் அடிக்கும் பெண்ணுடையது அல்ல.

கணக்கு மென்பொருள் வாங்கும்போது, சேவ் ஆகும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக் கணக்கில் மட்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். யுபிஎஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். பேட்டரியை மழைக்கு முன்பே பாருங்கள். தினமும் ஒரு நகல் பென்டிரைவில் எடுத்து, வேறு கட்டடத்தில் வையுங்கள். வணக்கம்.