வேண்டிக்கிட்டது அப்பத்தா, சுமந்தது அத்தை

நடுவர் அய்யா அவர்களே, எதிரணியில உக்காந்திருக்க அண்ணன்மார்களே, பொங்கல் வெச்ச கையோட பாயைத் தூக்கிக்கிட்டு வந்து முன்னாடி விரிச்சு உக்காந்திருக்க எங்க உசிலம்பட்டி ஆத்தாமார்களே, அக்கா தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம். புள்ளைக்குப் பேர் வைக்கிறதுல பெத்தவங்க உரிமைக்கு ஒரு எல்லை வேணும்ங்கற பக்கம் நான் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு, நல்லா கைத்தட்டலும் வாங்கினாரு. பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்கு இல்லாத உரிமை பிறப்புப் பதியற ஆபீஸ்ல உக்காந்திருக்க கிளார்க்குக்கு எங்கிருந்து வந்துச்சுனு. நியாயமான கேள்வி அய்யா. பதில் சொல்லிட்டுத்தான் மைக்கை விடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி எங்க அத்தையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும்.

எங்க அப்பத்தாவுக்கு வரிசையா நாலு பொண்ணு, அஞ்சாவதும் பொண்ணாப் பொறந்துச்சு. இதோட போதும் சாமி, அடுத்ததை ஆம்பளப் புள்ளையாக் குடுனு வேண்டிக்கிட்டு போதும்பொண்ணுனு பேர் வெச்சாங்க. இந்தக் கூட்டத்துலயே அந்தப் பேர்ல நாலஞ்சு பேராச்சும் இருப்பீங்க, உங்க மனசு நோகணும்னு சொல்லல, உங்களுக்காகத்தான் பேசறேன். அடுத்து எங்க அப்பா பொறந்தாரு. பேரு பலிச்சிருச்சுனு வீடே கொண்டாடி, அழகர்கோயில்ல முடி எறக்கி, கெடா வெட்டி, ஊரைக் கூட்டி காது குத்தினாங்க. அத்தைக்கு என்ன கெடைச்சுச்சு? அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப வாத்தியார் அந்தப் பேரைச் சொன்னதும் பின் பெஞ்சுப் பயலுக போதும் போதும்னு கத்துவாய்ங்களாம், அஞ்சாப்போட படிப்பு நின்னு போச்சு. இப்ப அவங்களுக்கு அறுபது தாண்டிருச்சு, சுகருக்கு மாத்திரை வாங்க நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன், சீட்டைப் பாத்து நர்ஸம்மா பேரைக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாங்க, ரெண்டு தடவை கூப்பிட்டு மூணாவது தடவை சத்தமாக் கூப்பிடறப்பதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்ச தலை நிமிராம போவாங்க.

எங்க அப்பத்தா கெட்டவங்க இல்ல அய்யா. தன்னோட கஞ்சியைப் புள்ளைக்கு ஊத்தின மனுஷி. ஆம்பளப் புள்ள இல்லாதவளை ஊர் பேசின பேச்சுல நொந்து போயி வெச்ச பேரு அது. ஆனா வேண்டிக்கிட்டது அப்பத்தா, சுமந்தது அத்தை. இந்த ஒண்ணைத்தான் எதிரணி அண்ணன்கள் பாக்க மாட்டேங்கறாங்க. பெத்தவங்க அந்தப் பேரை வீட்டுக்குள்ள கூப்பிடறதே கம்மி, கண்ணு தங்கம் பாப்பாதான். ஸ்கூல்ல, பஸ்ல, பேங்க்ல, வேலை கேட்டுப் போற எடத்துலன்னு ஊர் ஒலகமே கூப்பிடறது புள்ளையோட காதுலதான் விழுது.

நம்ம திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்துல வேண்டாம்னே பொண்ணுகளுக்குப் பேர் வெச்சிருக்காங்க. மகாராஷ்டிரால சாத்தாரா மாவட்டத்துல நகுசாம்பாங்க, வேண்டாதவள்னு அர்த்தம். அங்க 2011 அக்டோபர்ல மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 பொண்ணுகளுக்குப் புதுப் பேர் வெச்சாங்க, சில புள்ளைங்க தனக்குப் பிடிச்ச பேரைத் தானே எடுத்துக்கிட்டாங்க. அண்ணே, அந்த 285 வீட்டுலயும் பெத்தவங்க உரிமையைப் பறிச்சுட்டாங்கனு உங்களால சொல்ல முடியுமா?

பழைய காலத்துல வெச்சது, இப்ப யாரு வைக்கிறாங்கனும் கேட்டீங்க. 2020ல ராய்ப்பூர்ல ரெட்டைப் புள்ளைகளுக்கு கொரோனா, கோவிட்னு வெச்சாங்களே, அது நேத்து நடந்ததுதானே.

நியூசிலாந்துல நடந்ததைக் கேளுங்க. ஒரு பொண்ணுக்கு டலூலா டஸ் த ஹூலா ஃப்ரம் ஹவாய்னு பேரு, ஹவாய்ல இருந்து வந்த டலூலா ஹூலா டான்ஸ் ஆடுறாங்கறது முழுக்க ஒரே பேரு. அந்தப் புள்ள ஃப்ரெண்ட்ஸ் கிட்டகூட பேரைச் சொல்லாம கே-னு ஒரே ஒரு எழுத்தைச் சொல்லி வளர்ந்திருக்கு. அப்பா அம்மா பிரிஞ்சு, புள்ள யாருகிட்ட இருக்கறதுனு கேஸ் போனப்பதான் இது ஜட்ஜ் கண்ணுல பட்டுச்சு. 2008ல, புள்ளைக்கு 9 வயசு, பேரை மாத்தறதுக்காகவே கொஞ்ச நாள் கோர்ட்டே அதுக்குக் கார்டியனா நின்னுச்சு. ஒன்பது வயசு வரைக்கும் அது ஒளிஞ்சு வாழ்ந்திருக்கு அய்யா, பெத்தவங்க சண்டை போடாம இருந்திருந்தா இன்னும் எத்தனை வருஷமோ.

இப்ப கிளார்க் கேள்விக்கு வரேன். அண்ணன் பயந்தது எனக்கும் பயம்தான். ஒடுக்கப்பட்ட சாதில பொறந்த புள்ளைக்கு நல்ல பேர் வெச்சா உனக்கு எதுக்குடா இந்தப் பேருனு அடிச்ச மண்ணு இது. நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து கருப்பாயி நாகரிகம் இல்ல, பேச்சி வேணாம், ஒச்சம்மா வாயில நுழையலனு சொன்னா முதல்ல சண்டைக்கு நிக்கறது நானாத்தான் இருப்பேன். அது நம்ம சாமி பேரு, நம்மைக் காத்த பேரு. தெருவுக்கு ரெண்டு போஸ் இருக்க ஊர்ல தலைவர் பேர் வைக்காதனும் நான் சொல்லல. ஜெர்மனில ஒரு பொண்ணுக்கு கிரண்னு நம்ம நாட்டுப் பேரை வெச்சதுக்கு, இது ஆணா பொண்ணானு தெரியலனு ஆபீஸ்ல மறுத்துட்டாங்க. 2008 டிசம்பர்ல அந்த நாட்டோட அரசியல் சாசனக் கோர்ட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? பேர் வைக்கிற உரிமை பெத்தவங்களோடது, புள்ளையோட நலன் கெடுதான்னு மட்டும் பாரு, மத்ததுல தலையிடாதனு சொல்லி கிரண்ங்கற பேரையே வைக்க விட்டுருச்சு. நான் கேக்கற எல்லையும் அம்புட்டுத்தான். அந்தப் பேரு அந்தப் புள்ளையையே இழிவு பண்ணுதா? பாஷை பாக்கக் கூடாது, மதம் சாதி பாக்கக் கூடாது, ஸ்பெல்லிங்ல எத்தனை ஹெச் போட்டா என்ன.

நம்ம 1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல எந்தப் பேர் கூடாதுனு ஒரு வரி கிடையாது. பேர் இல்லாமயே பதியலாம், 12 மாசத்துக்குள்ள சேத்தா ஃபீஸ் இல்ல, அதுக்கப்புறம் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். அவசரமே இல்ல, நிதானமா யோசிச்சு வைக்கச் சட்டமே டைம் குடுக்குது. 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த புள்ளைக்கு ஸ்கூலுக்கும் ஆதாருக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், அதுனால ஒரு தடவை ஏறின பேரு முன்னைய விட இறுக்கமா ஒட்டிக்கும். மேஜராகற வரைக்கும் கெஜட்ல மாத்தணும்னா பெத்தவங்கதான் கையெழுத்துப் போடணும், யாரு வெச்சாங்களோ அவங்க கிட்டயே போய் புள்ள கெஞ்சணும்.

கோர்ட்டு இதுல தலையிடாதுனு ஒரு அண்ணன் சொன்னாரு. 2023ல கேரளா ஹைகோர்ட்டு தலையிட்டிருக்கு அண்ணே, அப்பா ஒரு பேரு அம்மா ஒரு பேருனு சண்டை போட்டு புள்ளைக்கு ஸ்கூல் சேரவே வழியில்லாம நின்னப்ப, புள்ளையோட நலன்தான் முதல்லனு சொல்லி கோர்ட்டே பேரை முடிவு பண்ணுச்சு.

அதுனால கிளார்க் கையில எதையும் குடுக்க வேணாம். பதியற ஆள் மறுக்கவே கூடாது, சந்தேகம் வந்தா ஜட்ஜுக்கு அனுப்பட்டும், ஜட்ஜு பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசட்டும், வேற பேரை அவங்களே வைக்கட்டும். விவரம் தெரிஞ்ச புள்ள எனக்கு இந்தப் பேர் வேணாம்னு வந்து நின்னா அது பேச்சையும் கேக்கணும். இதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

போன வருஷம் ஆஸ்பத்திரில இருந்து வர்ற பஸ்ல அத்தைகிட்ட சொன்னேன், கெஜட்ல எழுதிப் போட்டு பேரை மாத்திரலாம் அத்தை, என்ன பேர் வேணும்னு. ஒரு நிமிஷங்கூட யோசிக்கல, மீனாட்சின்னாங்க. எப்ப இருந்து இதை நெனைச்சு வெச்சிருக்கீங்கனு கேட்டேன்.

மூணாப்புல இருந்துன்னாங்க.

நன்றி அய்யா, வணக்கம்.