மைனஸ் 67 டிகிரி ஊர்ல பனியாறு இல்லை, மழைக்காட்டுப் பக்கத்துல இருக்கு! எப்படி?

ரஷ்யாவுல வெர்கோயான்ஸ்க்னு ஒரு ஊர். 1892-ல அங்க பதிவான குளிர், மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ். அந்த ஊர்ல ஒரு பனியாறு கூட கிடையாது. அப்படியே நியூசிலாந்தோட மேற்குக் கரைக்கு வாங்க. ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ்னு ரெண்டு பனியாறு. கடல் மட்டத்துல இருந்து சில நூறு மீட்டர் உயரம் வரைக்கும் இறங்கி, பச்சைப் பசேல்னு இருக்கற மழைக்காட்டுப் பக்கத்துல வந்து நிக்குது.

குளிர் அதிகமா இருக்கற இடத்துலதானே பனியாறு இருக்கணும்? இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

வெர்கோயான்ஸ்க்ல பனிப்பொழிவு ரொம்பக் கம்மி. கோடையிலயோ வெயில் கொளுத்தும். 2020 ஜூன்ல 38 டிகிரி. விழுந்த கொஞ்சப் பனியும் போயிடுது. நியூசிலாந்து மலைகள்ல கடல் காத்து மோதி, உச்சியில அளவில்லாம பனி கொட்டுது. கோடை முடிஞ்சும் மிச்சம் இருக்கு. அந்த மிச்சம்தான் பனியாறு. வருஷா வருஷம் மேல மேல சேர்ந்து அமுங்கி, கன மீட்டருக்கு 100 கிலோ இருந்த பனி 900 கிலோ பனிக்கட்டியா மாறி, தன் எடையிலயே கீழ வழியும். பின்னணி அவ்வளவுதான்.

(திரையில்: 21 / 334)

இந்த ரெண்டு எண்ணை மறக்காதீங்க. மைனஸ் 10 டிகிரியில இருக்கற ஒரு கிலோ பனிக்கட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர 21 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை உருக்க 334 கிலோஜூல் வேணும். கிட்டத்தட்ட 16 மடங்கு! அதாவது, குளிர்காலம் எவ்வளவு கடுமையா இருந்தாலும் அது கொடுக்கற பாதுகாப்பு சொற்பம்தான். குளிர்காலத்துல முக்கியம் எத்தனை மீட்டர் பனி விழுந்துச்சுன்றது. கோடையில முக்கியம் அந்த 334 எங்க இருந்து வருதுன்றது.

பெரும்பாலும் சூரிய ஒளியில இருந்து வருது. இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம்.

புதுப் பனி தன் மேல விழற ஒளியில 80-ல இருந்து 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிடும். பனி போய் அடியில இருக்கற பழைய பனிக்கட்டி வெளிய தெரிஞ்சா, 30, 40 சதவீதம்தான் திரும்பும். அதே சூரியன், அதே மலை, ஆனா உள்ள போற வெப்பம் நாலு மடங்கு. அதனால கோடை நடுவுல ஒரு நாள் 10 சென்டிமீட்டர் பனி விழுந்தா, அது சேர்க்கற தண்ணி கம்மியா இருந்தாலும், அடுத்த பல நாளைக்கு உருகறதைக் கட்டுப்படுத்திடும்.

இப்ப நடு இமயத்தையும் கிழக்கு இமயத்தையும் பாருங்க. அங்க பனியாறுகளுக்கு வரவு கிடைக்கறதே பருவமழைக் காலத்துலதான். வெப்பம் ஏறினா, பனியா விழ வேண்டியது மழையா விழுது. வரவு போச்சு, மேல மூடற வெள்ளையும் போச்சு, உருகறதும் கூடுது. மூணு பக்கமும் ஒரே நேரத்துல அடி! இமயத்துக்கு வடமேற்குல இருக்கற காரகோரம் மலைத்தொடர்ப் பனியாறுகள் ரொம்ப வருஷம் தாக்குப் பிடிச்சதுக்கு ஒரு முக்கியக் காரணம், அங்க பெரும்பங்கு பனி குளிர்காலத்துல மேற்குக் காத்து கொண்டு வர்றது.

தூசி சேர்ந்தா என்ன ஆகும்? சுவிட்சர்லாந்து, 2022. குளிர்காலப் பனி குறைவு, மார்ச்ல சஹாரா பாலைவனத் தூசி வந்து படிஞ்சது, கோடை கொளுத்துச்சு. ஒரே வருஷத்துல நாட்டோட மொத்தப் பனியாற்றுக் கன அளவுல 6 சதவீதம் காலி. அடுத்த வருஷம் இன்னொரு 4.

ஆனா தூசியோட நிக்காம, கல்லும் மண்ணும் கனமா மூடினா கதை தலைகீழ். 1959-ல குன்னர் ஓஸ்ட்ரெம்னு ஒரு பனியாற்று ஆய்வாளர் அளந்து காட்டினார்: மெல்லிசா மண் இருந்தா பனிக்கட்டி வேகமா உருகும், அதுக்கு மேல தடிமன் கூடக் கூட உருகறது குறையும். அரை மீட்டர் கல் மூட்டம் போர்வை மாதிரி. கங்கோத்ரிப் பனியாற்றோட கீழ்ப்பகுதி இப்படி மூடிக் கிடக்கு. அப்ப அது பத்திரமான்னா, இல்லை. நடுநடுவுல பனிச்சுவர்களும் குட்டைகளும் திறந்து கிடக்கு. அந்த இடங்கள்ல சரசரன்னு கரையும்.

இதையெல்லாம் எப்படி அளக்கறாங்க? மூங்கில் கழி! இமாச்சலத்துல இருக்கற சோட்டா ஷிக்ரிப் பனியாற்றுல 2002-ல இருந்து அளவு எடுக்கறாங்க. நீராவித் துளைப்பான் வெச்சு 10 மீட்டர் வரை துளை போட்டு, 2 மீட்டர் துண்டுகளைக் கம்பியால கோத்து இறக்குவாங்க. கோடை முடிவுல 4 மீட்டர் வெளிய தெரிஞ்சா, பனிக்கட்டியோட அடர்த்தி தண்ணியில 0.9 பங்குங்கறதால, 0.9-ஆல பெருக்கி 3.6 மீட்டர் தண்ணி இழப்பு. உலோகக் கழி போட்டா அதுவே வெப்பத்தைக் கடத்தித் தன்னைச் சுத்தி உருக்கலாம், அளவு தப்பலாம். மேல, பனி சேர்ற இடத்துல குழி தோண்டுவாங்க, போன கோடையோட அழுக்குப் படலம் தட்டுப்படற வரைக்கும். 3 மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 450 கிலோன்னா 1.35 மீட்டர் தண்ணி வரவு. ஒவ்வொரு அளவையும் அது நிக்கற பரப்பால பெருக்கிக் கூட்டினா அந்த வருஷக் கணக்கு தயார்.

வரவும் செலவும் சமமா இருக்கற உயரத்துக்குப் பேர் சமநிலைக் கோடு. ஒரு டிகிரி வெப்பம் கூடினா அது ஏறத்தாழ 150 மீட்டர் மேல போகும். அதை ஈடுகட்ட பனிப்பொழிவு 25-ல இருந்து 35 சதவீதம் கூடணும். பெரும்பாலான மலைகள்ல அப்படிக் கூடறதில்லை. அதனாலதான் உலகம் முழுக்க இழப்பு.

கடைசியா, எல்லாரும் ஏமாறற இடம். பனியாற்றோட கீழ் முனை இன்னைக்கு இருக்கற தட்பவெப்பத்தைக் காட்டாது. தடிமனை, முனையில ஒரு வருஷத்துக்கு உருகற அளவால வகுங்க: 150 மீட்டர், வருஷத்துக்கு 5 மீட்டர்னா 30 வருஷத் தாமதம். நார்வேயோட பிரிக்ஸ்டால் செங்குத்தான, சின்னப் பனியாறு. குளிர்காலப் பனி கூடினதும் சில வருஷத்துலயே 1990-கள்ல முன்னேறுச்சு. 2000-க்கு அப்புறம் வேகமாப் பின்வாங்குச்சு. அந்த முன்னேற்றத்தைக் காட்டி "புவி வெப்பமாதல் பொய்"னு சொன்னா நம்பாதீங்க. நீளமான, தட்டையான பனியாறு இன்னைக்குப் பின்வாங்கறது பல பத்தாண்டுக்கு முந்தின வெப்பத்துக்கான பதில். இப்ப இருக்கற வெப்பத்துக்கான பதில் இனிமேதான் வரும்.

அதனால "இத்தனை மீட்டர் பின்வாங்கியது"ன்னு செய்தி பார்த்தா, அந்தப் பனியாற்றோட நீளம், சரிவு, தடிமன் தேடிப் பார்த்து, செய்தியோட லிங்க்கைக் கமெண்ட்ல போடுங்க. தாமதக் கணக்கைச் சேர்ந்தே போடலாம்.