மேல் வீட்டுச் சத்தம்: அந்தத் ‘தொம் தொம்’ எங்கேருந்து வருது, எங்கே நிறுத்தணும்?

(காட்சி: இருட்டான படுக்கையறை. கேமரா கூரையைப் பார்த்தபடி நிற்கிறது. மேலேயிருந்து தொம், தொம், தொம்.)

ராத்திரி 11.30. விளக்கை அணைச்சாச்சு, கண்ணும் சொக்குது. அப்போ பார்த்து தலைக்கு மேல தொம், தொம், தொம். யாரோ அறைக்குள்ள போறாங்க, திரும்பி வர்றாங்க. அப்புறம் ஒரு நாற்காலி ‘கிர்ர்ர்’னு இழுபடுது. கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதியிலயும் தூக்கம் வராது, அடுத்த சத்தம் எப்ப வரும்னு காது காத்துக்கிட்டே இருக்கும். இதை அனுபவிக்காதவங்க “நடக்கிற சத்தம்தானே, விடுங்க”ன்னு சுலபமா சொல்லிடுவாங்க. மாசக்கணக்கா தூக்கம் கெட்டவங்களுக்குத்தான் அதோட வலி தெரியும். உங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

(காட்சி: ரெண்டு மாடியின் குறுக்குவெட்டுப் படம். நடுவில் கான்கிரீட் தளம்.)

மேல் வீட்டுலேருந்து வர்ற சத்தம் ரெண்டு வகை. பேச்சு, டிவி, குழந்தை அழுகை இதெல்லாம் முதல்ல காத்துல பரவி, அப்புறம் தளத்துல மோதுது. கான்கிரீட் கனமானது. காத்து வந்து தள்ளினா அது லேசுல அசையாது. அதனாலதான் ஓரளவு நல்லா கட்டின வீட்டுல மேல பேசுறது நமக்கு முணுமுணுப்பாத்தான் கேட்கும், இல்ல கேட்கவே கேட்காது.

ரெண்டாவது வகை, தரையையே நேரா இடிக்கிற சத்தம். குதிகால் பதியறது, நாற்காலி இழுபடுறது, பாத்திரம் விழறது, குழந்தை குதிக்கிறது. இங்கே காத்துக்கு வேலையே இல்லை. அடி நேரா தளத்துக்குள்ள இறங்குது. காத்துல ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கான்கிரீட்ல 3,000 மீட்டருக்கும் மேல. தளம் அதிர்ந்தா அதோட சேர்ந்த சுவரும் தூணும் அதிரும். மத்தளத்தோட ஒரு பக்கத்துல அவங்க தட்டுறாங்க, இன்னொரு பக்கத்துல நாம படுத்திருக்கோம்.

குதிகால் சத்தத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. அதோட பலம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 100 அதிர்வுக்கும் கீழேதான். காதால கேட்கிறதைவிட நெஞ்சுல உணர்ற மாதிரி இருக்கும். போன்ல டெசிபல் ஆப் வெச்சு அளந்து பார்த்து, “எண் குறைவாத்தானே காட்டுது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?”ன்னு குழம்பினவங்க நிறைய பேர். பொதுவா அந்த அளவுமுறை இப்படித் தாழ்ந்த சுருதியில வர்ற ஒலிகளைக் குறைச்சுத்தான் கணக்கு பண்ணும். உங்க காதுல கோளாறு இல்லை.

(காட்சி: சின்ன இயந்திரம் ஒன்று தரையை டக் டக் டக் என்று தட்டுகிறது.)

இந்த வகை இரைச்சலை அளக்கவே ஒரு இயந்திரம் இருக்கு. ஒவ்வொண்ணும் 500 கிராம் எடையுள்ள 5 சுத்தியல், 4 சென்டிமீட்டர் உயரத்துலேருந்து மொத்தமா நொடிக்கு 10 தட்டு. இதை மேல் தளத்துல வெச்சு, கீழ் வீட்டுல அளப்பாங்க. குழந்தை குதிக்கிற மாதிரி கனமான அடிக்கு 2.5 கிலோ ரப்பர் பந்தை 1 மீட்டர் உயரத்துலேருந்து போட்டுப் பார்க்கிற முறையும் உண்டு. கவனிங்க, அடிக்கிற இடத்துல யாரும் அளக்கிறதில்லை. இந்தச் சத்தத்தோட உண்மையான அளவு கீழ இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

(காட்சி: ஒரு நாற்காலிக் காலின் அடிப்பாகம், மிக அருகில்.)

இதை நான் என் வீட்டுலயே பார்த்தேன். எங்க மேல் வீட்டுல தினமும் ராத்திரி ஒரு இழுவைச் சத்தம். வேணும்னேதான் செய்றாங்கன்னு எனக்குள்ள ஒரு கோபம் ஏறிக்கிட்டே இருந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மேல் வீட்டு அக்காவைக் கீழ வரச் சொன்னேன். “அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் என் அறையில உட்காருங்க. தம்பியை மேல வழக்கம்போல நடக்கச் சொல்லுங்க.” வந்து கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாங்க. மேல பையன் நாலு எட்டு வெச்சான், மேஜைகிட்ட இருந்த நாற்காலியை இழுத்தான். அவங்க சட்டுனு கூரையை நிமிர்ந்து பார்த்தாங்க. “இது எங்க வீடா?”ன்னு கேட்டாங்க. அவங்க வீட்டுல அது ஒரு சின்ன ‘சர்ர்’, அவ்வளவுதான். மேல போய் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். நாலு கால்ல ரெண்டுல ரப்பர் மூடி தேய்ஞ்சு போய் இரும்புக் குழாய் வெளியே தெரிஞ்சது. ரெண்டு வருஷமா என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ரெண்டு கால்தான்.

அதுக்கப்புறம் நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதைத்தான்: இந்தச் சத்தத்தை அது பிறக்கிற இடத்துலதான் நிறுத்த முடியும். அந்த இடம் நம்ம கையில இல்லை, மேல இருக்கிறவங்க கையில இருக்கு. அவங்களைப் பகைச்சுக்கிட்டா வழி அடைஞ்சு போயிடும். துடைப்பக் கட்டையால கூரையை இடிக்காதீங்க. ஸ்பீக்கரைக் கூரையைப் பார்த்து வெச்சுப் பழிவாங்காதீங்க. கோபம் நியாயமானதுதான். ஆனா அந்த இடி அவங்க காதுல புகாராக் கேட்காது, சண்டையாத்தான் கேட்கும்.

பேசப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சத்தம் உண்மையிலேயே உங்க நேர் மேல் வீட்டுலேருந்துதான் வருதான்னு பாருங்க. அதிர்வு தூண் வழியா இறங்கும்; பக்கவாட்டு வீட்டுலேருந்தும், ரெண்டு மாடி மேலேயிருந்தும் வரலாம். குழாயைச் சட்டுனு மூடும்போது தண்ணி மோதி ‘டங்’னு கேட்கும். சுடுதண்ணி போற குழாய் விரிஞ்சு சுருங்கும்போது ‘டொக் டொக்’னு வரும். ஒரு வாரம் குறிச்சு வையுங்க: தேதி, மணி, என்ன மாதிரி சத்தம், எவ்வளவு நேரம். தினமும் ஒரே நேரத்துல, ஒரே சீரா வந்தா அது மனுஷங்க நடமாட்டமா இல்லாம மோட்டாராக்கூட இருக்கலாம். அவங்க ஊருக்குப் போயிருந்த நாள்லயும் சத்தம் கேட்டிருந்தா, உங்க சந்தேகத்தை மாத்திக்கணும்.

(காட்சி: வாசல் கதவு. பகல் வெளிச்சம்.)

பேச்சை ராத்திரியில, சத்தம் கேட்ட கையோட வெச்சுக்காதீங்க. பகல்ல போங்க, தனியா போங்க. “உங்க பசங்க ரொம்ப ஆட்டம் போடுறாங்க”ன்னு ஆரம்பிச்சா எந்தப் பெத்தவங்களுக்கும் சுருக்குனு இருக்கும். “ராத்திரி 11 மணிக்கு மேல நாற்காலி இழுபடுற சத்தம் என் படுக்கையறையில பலமா கேட்குது, உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை”ன்னு சொல்லுங்க. ஒரு சத்தம், ஒரு நேரம், அது போதும். நடக்காதீங்கன்னு யாரையும் கேட்க முடியாது. குழந்தையை ஓடாதேன்னு நாள் முழுக்கக் கட்டி வைக்கவும் முடியாது. ராத்திரி சில மணி நேரத்தைத்தான் நாம கேட்கிறோம்.

மேல் வீட்டுல என்ன செய்யலாம்? நாற்காலி, மேஜை, ஸ்டூல் கால்களுக்கு ஒட்டுற ஃபெல்ட் வில்லைகள். இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தர்ற வேலை வேற இல்லை. ஆனா தேயும், கழண்டு விழும், அப்பப்போ பார்த்து மாத்தணும். குழந்தை விளையாடுற இடத்துல தடிமனான நுரை மேட். நடைபாதையில அடியில மெத்துனு ஒரு அடுக்கு வெச்ச கார்பெட். மெல்லிய விரிப்பு பொருள் விழற ‘டக்’கைக் குறைக்கும், குதிகால் ‘தொம்’மை அவ்வளவா குறைக்காது. மெத்துனு அடிப்பாகம் உள்ள செருப்பு கொஞ்சம் உதவும்.

வாஷிங் மெஷின் தனிக் கதை. நிமிஷத்துக்கு 1,200 சுத்துன்னா நொடிக்கு 20 தடவை தரையை உலுக்குது. நாலு காலும் ஒரே மட்டத்துல இருக்கணும், அடியில ரப்பர் மேட் வேணும். புதுசா வாங்கினதுன்னா, பயணத்துக்காகப் பின்னால முடுக்கியிருக்கிற போல்ட்டுகளைக் கழட்டினாங்களான்னு பார்க்கணும். ராத்திரியில துணி போடாம இருந்தா இன்னும் நல்லது.

அவங்க தரையையே மாத்தப் போறாங்கன்னா, அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. டைல்ஸுக்கோ பலகைக்கோ கீழ அதிர்வு தாங்குற ஒரு மெத்தை அடுக்கு போடச் சொல்லிக் கேளுங்க. அந்த மேல் தரை சுவரைத் தொடாம ஓரத்துல சின்ன இடைவெளி விடணும். ஒரு இடத்துல தொட்டாலும் அதிர்வு அது வழியா இறங்கிடும்.

(காட்சி: சுவரில் ஒட்டிய நுரைப் பலகைகள்.)

நம்ம வீட்டுல என்ன செய்யலாம்னு நிறைய பேர் கேட்கிறீங்க. கூரையில ஒட்டுற நுரைப் பலகைக்குப் பணம் செலவு பண்ணாதீங்க. அது அறைக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும். சாதாரண ஃபால்ஸ் சீலிங்கும் இதுக்குத் தீர்வு ஆகாது. அதிர்வு தாங்குற கொக்கியில தொங்கவிட்டு, உள்ள பஞ்சு அடைச்சுச் செஞ்சா பலன் உண்டு. ஆனாலும் சுவர் வழியா இறங்குறது இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும், செலவும் அதிகம். இன்னிக்கு ராத்திரிக்கு வேணும்னா, கட்டிலைச் சுவரை ஒட்டாம தள்ளிப் போடுங்க. மின்விசிறி மாதிரி சீரான ஒரு ஒலி ஓடட்டும். காது அடைப்பான் பேச்சுச் சத்தத்துக்கு நல்லா உதவும், தொம் சத்தத்துக்குப் பாதிதான்.

பேசியும் கேட்கலைன்னா? உலக சுகாதார நிறுவனம் 1999-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நல்லா தூங்கணும்னா படுக்கையறைக்குள்ள தொடர் இரைச்சல் 30 டெசிபலையும், திடீர்னு வர்ற சத்தம் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. நீங்க கேட்கிறது ஆடம்பரம் இல்லை. குறிச்சு வெச்ச நோட்டை எடுத்துக்கிட்டு, வீட்டு உரிமையாளர்கிட்டயோ குடியிருப்போர் சங்கத்துலயோ எழுத்துல கொடுங்க, ஒரு நகல் வெச்சுக்கோங்க. சங்கத்துலேருந்து ஒருத்தரை ராத்திரி உங்க அறைக்கே வந்து உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்க. அதுக்கு மேல உள்ளாட்சி அமைப்பு, போலீஸ்னு போக வேண்டி வந்தாலும், முதல்ல கேட்கப்போற கேள்வி ஒண்ணுதான்: எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு?