மலைநாட்டுக் கொங்கிறீற் தளமும் அதன் அடியில் நிற்கும் ஈரமும்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். கொங்கிறீற் தளத்துக்கு எப்பொக்சி போன்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசுமுன் தளத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வாகனக் கொட்டகைகளிலும் நீண்ட காலமாகத் தளவேலை பார்த்து வருபவன் நான். பூச்சு உரிந்துவிட்டது என்று என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் பூச்சு விற்ற கடைக்காரரையே குறை சொல்வார்கள். நான் உரிந்த துண்டொன்றை எடுத்து, அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால், பூச்சு ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது, தளத்தின் மேல்தோல்தான் அதனோடு கழன்று வந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது வேறு கதை. ஈரமும் வெள்ளை உவரும் இருந்தால், மலைநாட்டில் நான் அதிகமாகக் காணும் கதை அதுதான்.

முதலில் அந்த மேல்தோலைப் பார்ப்போம். கலவையில் தண்ணீர் கூடிவிட்டால், இட்ட கொங்கிறீற் இறுகுமுன் அந்தத் தண்ணீர் மேலே எழும்பி வரும். வரும்போது நுண்ணிய சீமெந்தையும் தூசியையும் கூட்டிக்கொண்டு வரும். தளம் மினுங்க வேண்டுமென்று மேசன்மார் கரண்டியால் இழுத்து இழுத்துத் தேய்ப்பதனால் அந்தச் சீமெந்துப் பால் மேலேயே படிந்து காய்ந்துவிடுகிறது. கண்ணுக்கு அது அழகான தளம். ஆனால் ஓர் ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் எழுந்தால் அந்தத் தோலை எடுத்தே ஆக வேண்டும். வைரத் தட்டுப் பூட்டிய கிரைண்டரால் அரைப்பதே சிறந்த வழி. அரைத்து முடித்த தளம் உள்ளங்கைக்கு உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் விட்ட நீர்த்துளி முத்துப்போல் நிற்காமல் ஊறி இறங்க வேண்டும். அரைக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருப்பதால், அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது, உரிய முகமூடியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும்.

கிரைண்டர் இல்லாதவர்கள் ஐதரோக்குளோரிக் அமிலத்தை நாடுகிறார்கள். ஒரு பங்கு அமிலத்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் என்பது வழக்கமான அளவு. தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்துக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நுரைத்து அடங்கியதும் அப்பச்சோடாக் கரைசல் ஊற்றி, பின் பலமுறை நீர்விட்டுக் கழுவ வேண்டும். எனினும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நான் இந்த வேலைக்கு உடன்படுவதில்லை. அமில ஆவி இயந்திரங்களில் துருவேற்றும். அதைவிட, அண்டையிலுள்ள எந்த வாசனையையும் தேயிலை தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அரைக்குமுன் எண்ணெயை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அரைக்கும் தட்டே அதைத் தளம் முழுவதும் இழுகிவிடும். கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்கு அடியில் பல்லாண்டுகளாகச் சொட்டிய எண்ணெய் ஆழமாக ஊறிக் கிடக்கும். கழுவிக் கழுவிப் பார்த்தும் கறை மீண்டும் மேலே வருமானால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக இடுவதே சிக்கனம். வெடிப்புகளை அகலத் திறந்து எப்பொக்சிச் சாந்தால் நிரப்பலாம். ஆனால் விரிந்து சுருங்குவதற்கென்று விடப்பட்ட இணைப்புகளை மூடிப் பூசாதீர்கள்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். நமது கட்டடங்களில் பல, மலைச்சரிவை வெட்டி எடுத்த தட்டில் நிற்பவை. சரிவினுள் கசியும் நீர் தளத்தின் அடியில் வந்து தேங்க, பழைய தளங்களின் கீழ் பொலித்தீன் விரிப்பு இல்லாததால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கொங்கிறீற் அதை மேலே இழுக்கிறது. பூச்சில்லாத தளத்தில் அந்த நீர் யாரும் அறியாமல் ஆவியாகிப் போய்விடும். பூச்சு அதன் வழியை அடைத்தவுடன்தான் கொப்புளங்கள் கிளம்பும். இதை அறிய எளிய சோதனை உண்டு. சுமார் 45 சென்ரிமீற்றர் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைத் தளத்தின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். எடுக்கும்போது அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, தளத்தின் நிறம் கறுத்திருந்தாலோ பூச்சைத் தொடாதீர்கள். ஒரு தொழிற்சாலையில் நான் இச்சோதனையைத் தளத்தின் நடுவே மட்டும் செய்து, காய்ந்திருக்கிறதென்று மகிழ்ந்து பூசினேன். அடுத்த மழைக்காலம் முடியுமுன், மலைப்பக்கச் சுவரோரமாக நீளத்துக்குக் கொப்புளம் போட்டது. அன்றுமுதல் முதல் துண்டை அந்தச் சுவரடியில்தான் ஒட்டுகிறேன். அங்கே ஈரம் கண்டால், சுவருக்கு வெளியே கான் வெட்டி நீரைத் திருப்புவதே முதல் வேலை. புதிதாக இட்ட தளமாயின் 28 நாட்கள் என்பது கொங்கிறீற் வலுவடைவதற்கான கணக்கு. உலர்வதற்கு, அதுவும் நமது குளிரில், அதனிலும் நீண்ட காலம் செல்லும். ஆகையால் நாட்காட்டியை நம்பாமல் பொலித்தீனை நம்புங்கள்.

அடியிலிருந்து வரும் ஈரம் ஒருபுறமிருக்க, காற்றிலிருந்து தளத்தின்மேல் இறங்கும் ஈரமும் உண்டு. தளத்தின் வெப்பநிலை, பனிபடுநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தால் மட்டுமே பூச வேண்டும். உதாரணமாக, காற்று 18 பாகையிலும் சாரீரப்பதன் எனப்படும் காற்றின் ஈரப்பதன் 85 வீதத்திலும் இருக்கும் காலைப்பொழுதில் பனிபடுநிலை ஏறக்குறைய 15.4 பாகை, ஆகவே தளம் 18.4 பாகையாவது இருக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தளம் அந்நேரத்தில் காற்றைவிடக் குளிராகவே இருக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் விடிந்ததும் தூரிகையை எடுப்பது வீண் வேலை என்பது இதனால்தான்.

பருவமும் இடத்துக்கிடம் மாறும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேல் பருவமழை அடங்கியபின் வரும் தை முதல் பங்குனி வரையான காலம் உகந்தது. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்திலோ, தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வறண்டு வரும் ஆனி முதல் ஆவணி வரையான காலம் நல்லது. எக்காலமாயினும் முற்பகல் பத்து மணியளவில் தொடங்கி, பிற்பகலில் மூடுபனி இறங்குமுன் நிறுத்திவிடுங்கள். இறுகாத எப்பொக்சியின்மேல் பனி படிந்தால், மறுநாள் காலை அது மெழுகு தடவியதுபோல் வழுக்கும். அந்தப் படலத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்த பின்னரே இரண்டாம் பூச்சைப் பூச வேண்டும். வணக்கம்.