முடி முழுக்கக் கொட்டிப்போன நாய் பிழைக்குமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஆவடியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் தெருமுனையில் ஒரு லாப்ரடார் பெண் நாய் சில நாட்களாகப் படுத்துக் கிடக்கிறதாம். கழுத்தில் பழைய பட்டை இருக்கிறது, அதனால் யாரோ வளர்த்துக் கைவிட்டதுதான். உடம்பில் முடியே இல்லை, தோல் கறுத்துத் தடித்துவிட்டது, பக்கத்தில் போனால் நாற்றம், விலா எலும்பு தெரிகிறது. "தொட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இதைப் பிழைக்க வைக்க முடியுமா, இல்லை ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்வதுதான் நல்லதா?" என்று படமும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்.

கருணைக்கொலையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். படத்தை மட்டும் பார்த்து முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் இது சொறி. பார்க்க இவ்வளவு கோரமாக இருக்கும் நோய் குறைவு. ஒழுங்காக மருந்து கொடுத்தால் இவ்வளவு அழகாகத் திரும்பி வரும் நோயும் குறைவு. அந்த நாய்க்கு உயிர் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது தோலில் இல்லை, ரத்தத்தில் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள். அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று சார்கோப்டிஸ், தோலுக்குள் குடைந்து போகும், அரிப்பு தாங்க முடியாது. இது மற்ற நாய்க்கும் ஒட்டும், நமக்கும் கையிலும் வயிற்றிலும் சிவப்பாகத் தடித்து அரிக்கும். ஆனால் நம் உடம்பில் அது தொடர்ந்து பெருக முடியாது, நாய்க்குக் குணமானால் நமக்கும் அடங்கிவிடும். நாயின் காது மடலின் ஓரத்தை விரலால் மடித்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். உடனே பின்னங்காலைத் தூக்கிக் காற்றில் சொறிய ஆரம்பித்தால் டாக்டர் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவார். இன்னொன்று டெமோடெக்ஸ். அது முடி வேரில் இருப்பது, குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும். நல்லா சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கும் நாய் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், ஒன்றும் செய்யாது. பட்டினியிலோ வேறு நோயிலோ எதிர்ப்பு சக்தி குறைந்தால் பெருகிவிடும். இது மனிதர்களுக்கு ஒட்டவே ஒட்டாது. உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை, எந்த வகை என்று தெரியும்வரை நாயைத் தொட விடாதீர்கள். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கத் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பிளேடால் லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். டெமோடெக்ஸ் என்றால் சுருட்டு மாதிரி நீளமாகத் தெரியும். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் மருந்துக்கடையில் கேட்டு அரிப்புக்கு ஒரு ஊசி போடுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. அந்த ஊசி பல நேரம் ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. இரண்டு நாள் அரிப்பு நிற்கும், உள்ளே டெமோடெக்ஸ் இன்னும் பெருகும். அப்புறம் மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கித் தடவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெடித்த தோல் வழியாக உள்ளே போகும், நாய் அதை நக்கவும் செய்யும், விஷம் அது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினையும் நீங்களாகக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டாம். கோலி (Collie) மாதிரி சில நாய் இனங்களுக்கு மரபிலேயே அந்த மருந்து ஆகாது, உயிரே போகலாம். இப்போது ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் என்று மென்று தின்னும் மாத்திரைகள் இருக்கின்றன, சொறிப்பூச்சிக்கும் உண்ணிக்கும் சேர்த்தே வேலை செய்யும். வலிப்பு வருகிற நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். தெருவில் கிடந்த நாய் என்றால் உண்ணி இல்லாமல் இருக்காது. காதுக்குள், விரல் இடுக்கில் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் ஏராளம். எர்லிச்சியா என்ற கிருமி, ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். இதற்கும் மருந்து இருக்கிறது, டாக்சிசைக்ளின், வழக்கமாக 28 நாள். கொடுக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், கிருமி மிச்சம் இருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தால் எலும்பு மஜ்ஜையையே தாக்கக்கூடும்.

சாப்பாடு விஷயம். எலும்பும் தோலுமாக இருக்கும் நாயைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்காது, பிரியாணியும் பாலுமாகக் கொட்டிவிடுவோம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி இதயமே பாதிக்கப்படலாம். வேகவைத்த கோழியும் கொஞ்சம் சோறும், மசாலா இல்லாமல், கையளவாக நாளைக்கு நான்கைந்து தடவை கொடுங்கள். ஒரு வாரத்தில் மெதுவாகக் கூட்டலாம். புது முடி முளைக்கப் புரதம் வேண்டும், வெறும் தயிர்சாதத்தில் அது கிடைக்காது.

உங்களுக்குப் பக்கம் என்று பார்த்தால் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி, தோல் நோய்க்குத் தனியாகப் பார்க்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். கூட்டிப்போகும்போது நாய் எச்சில் ஒழுகத் தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கடிக்க வந்தாலோ தொடாதீர்கள், வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இவளை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள்.

கைவிட்டவர்கள் மீது புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு உயிருக்கு இதுதான் மதிப்பா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். ஆனாலும் புகார் கொடுங்கள், பதிவாவது ஆகட்டும்.

சொறி முழுதாகப் போக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முடி வந்துவிட்டதே என்று விடாமல், சுரண்டல் பரிசோதனையில் பூச்சி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை மருந்து ஓடட்டும். அதற்குள் "லாப்ரடாரா, எங்களுக்குக் கொடுங்கள்" என்று ஆள் வரும். கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். குட்டி போட்டு விற்பதற்காகவே பெண் நாயைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், உடம்பு தேய்ந்ததும் அவர்களே தெருவில் விடுகிறார்கள். அவள் எடை ஏறி, ரத்தப் பரிசோதனை சரியானதும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள். கருத்தடைச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கையில் வந்த பிறகு வீடு தேடலாம். சரி, அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து, ஒரு பூனையைப் பற்றி.