நாடகத்தோடு இன்னொரு பாடம்

(மட்டக்களப்பில் பாடசாலைக் கலைவிழா ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கோயில் வண்ணக்கர்மாரே, முன்வரிசையில் இடமிருந்தும் வேண்டாமென்று பின்னால் போய் அமர்ந்துவிட்ட, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரே, உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு பேச அனுமதியுங்கள்.

நாடகம் படிக்க விரும்பும் பிள்ளை கூடவே இன்னொரு பாடத்தையும் முதன்மையாகப் படிக்கலாமா? இதை மூன்று பகுதியாகச் சொல்கிறேன்: எந்தப் பட்டம், எந்த இரண்டாம் பாடம், பிறகு வேலை.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். எனக்குப் பிடித்த பழமொழி அது. ஆனால் வயல்காரன் வேறெங்கே நிற்பான்? சேற்றில் கால் வைக்காமல் சோற்றில் கை வைத்தவன் யார்?

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். அங்கே நாடகத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் பட்டம் உண்டு. பி.எப்.ஏ. என்னும் நுண்கலைமாணியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாடகத்துக்கும் அதைச் சார்ந்த பயிற்சிக்குமே போய்விடும். சில இடங்களில் இரண்டாம் முதன்மைப் பாடத்துக்கு அனுமதியே இல்லை. பி.ஏ. என்னும் கலைமாணியில் நாடகத்தின் பங்கு குறைவு; இன்னொரு பாடத்துக்கு இடம் கிடைக்கும். 'இரண்டு பாடம் எடுக்கலாம்' என்று விளம்பரத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஒத்திகை மாலையில் என்றால் ஆய்வுகூட வகுப்பு எப்போது? ஒரே வகுப்பை இரண்டு பாடத்துக்கும் கணக்கில் எடுப்பார்களா? நாலே ஆண்டில் முடித்தவர்கள் இருக்கிறார்களா? இவற்றைத் துறையிடம் எழுதிக் கேளுங்கள்.

இரண்டு காலிலும் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். படுவான்கரை ஊர் ஒன்றில் வடமோடி என்னும் மரபுக் கூத்து. அருச்சுனனாக ஆடிய பையனுக்கு மறுநாள் காலை கணக்கியல் பரீட்சை. ஆடுகளமான களரிக்குப் பின்னால், முடியும் உடுப்புமாக, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். திடீரென்று அவனுடைய வரவு. அண்ணாவியார் பாட்டை எடுத்துவிட்டார், மத்தளம் முழங்குகிறது, பையன் பாய்ந்தான், மூக்குக்கண்ணாடியோடு! களரியைச் சுற்றிச் சிரிப்பு. கட்டியகாரன் விட்டானா? 'வில்விசயரே, மீனின் கண் தெரியவில்லையென்று கண்ணாடி வாங்கினீரோ?' என்றான். பையனும் சளைக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டே ஆடி முடித்தான். விடிந்ததும் முதல் பஸ். முகத்தில் அரிதாரம் பாதி. பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் அடையாள அட்டையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், திரும்ப அட்டையைப் பார்க்கிறார். 'தம்பி, இது யார்?' 'ஐயா, அட்டையில் இருப்பது நான், முகத்தில் இருப்பது அருச்சுனன்.' சித்தியடைந்தானா என்று கேட்கிறீர்கள். அடைந்தான். இன்று கணக்காளர். அதைவிட முக்கியம், தன் அண்ணாவியாரின் கூத்தேட்டை, அதாவது கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை, எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றியவன் அவன்தான்.

இங்கேதான் இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். அவர்தான் நாடக இலக்கணம் பேசும் 'மதங்கசூளாமணி'யையும், கணிதத்தைக் கொண்டு பழந்தமிழ் இசையை அளந்த 'யாழ்நூ'லையும் தந்தார். அவருக்கும் ஒரு கால் ஆற்றில், ஒரு கால் சேற்றில்! கல்லடியில் அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து வழிகாட்டியிருக்கிறார். ஆனால் எத்தனை வீடுகளில் கூத்தேடுகள் பெட்டிக்குள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன! நூலகவியல் படியுங்கள், கணினி படியுங்கள், வரலாறு படியுங்கள், இசை படியுங்கள். எதுவானாலும் அந்தப் பெட்டியைத் திறக்க உதவும் பாடமாக இருக்கட்டும். மேடையில் ஆட ஆட்கள் வருவார்கள். ஏடு போனால் எதை ஆடுவார்கள்? சல்லரிக்காரனுக்குத் தாளம் நினைவிருக்கும், விருத்தம் நினைவிருக்குமா? பணிப்பாளர் அவர்களே, ஊருக்கு ஒரு பாடசாலையாவது தன் ஊர்க் கூத்தேட்டைப் படி எடுத்து நூலகத்தில் வைக்க வேண்டுமென்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இதைத் தங்களிடம் முன்னரும் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

மூன்றாவது பகுதி வேலைவாய்ப்பு. செயலாளர் மணியைப் பார்க்கிறார், எனவே அதை அடுத்த ஆண்டு அழைத்தால் பேசுகிறேன்.

வாசலுக்கு வலப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வீட்டில் கூத்தேடு உள்ளவர்கள் அதில் பெயரைப் பதியுங்கள். ஏட்டை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண்ணெதிரே படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். நன்றி, வணக்கம்.